தபால் பை சைக்கிளுக்கு வளைந்த ஹேண்டில்

17.1.1998

தம்பி அமாவாசைக்கு அண்ணி வேம்பு எழுதுவது.

நலமா என்று கேட்டுக்கொள்ளும் நிலையில் நாம் இரண்டு பேரும் இல்லை. உங்கள் அண்ணனின் பதினாறாம் நாளன்று பந்தலில் எல்லோர் முன்னாலும் நீங்கள் பேசியது எனக்கு மறக்கவில்லை. "பொம்பள தபால் பையத் தூக்கிக்கிட்டு சைக்கிள்ல போனா ஊரே சிரிக்கும். அண்ணன் வேலைய எனக்குக் குடுங்கன்னு மனு போடுறேன்" என்றீர்கள். இனிமேல் இந்த வீட்டு வாசலை மிதிக்காதீர்கள் என்று நான் சொன்னதும் உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் மனுவும் போட்டுவிட்டீர்கள்.

வேலையைத் தற்காலிகமாக எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாவது படித்தவள், சைக்கிள் ஓட்டத் தெரிந்தவள், பை சுமக்க அது போதும் என்று எங்கள் ஊர் போஸ்ட்மாஸ்டர் கண்ணையன் சார் எழுதிக் கொடுத்தார். காலையில் குரும்பலூருக்குப் பையைக் கொண்டுபோகிறேன், அங்கிருந்து வரும் பையைக் கொண்டுவருகிறேன். போக ஏழு மைல், வர ஏழு மைல். மே மாதம் இன்ஸ்பெக்டர் வந்து என்னை ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். சரி என்று எழுதினால் வேலை என் பேரில் நிலைக்கும். இல்லையென்றால் மனு போட்டவருக்குப் போகும்.

இப்போது என் கை கெட்டுக்கொண்டு வருகிறது தம்பி. இரண்டு கையிலும் சுண்டு விரலும் அதன் பக்கத்து விரலும் மரத்துப்போகின்றன. போன வாரம் பையை சைக்கிளில் கட்டிய கயிற்று முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் அவிழ்த்தேன். சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டியது. கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது.

பெரம்பலூரில் டாக்டரம்மாவிடம் காட்டினேன். "ஒரே எடத்துல புடிச்சு அழுத்துறீங்க, உள்ளங்கையில ஓடுற நரம்பு நசுங்குது. பிடிய மாத்தி மாத்தி வைங்க. இல்லன்னா சைக்கிள விட்டுடுங்க" என்றார். நம் சைக்கிளில் மாற்றிப் பிடிக்க எங்கே இடம்? உலக்கையைக் குறுக்கே வைத்த மாதிரி ஒரே நேர்க் கம்பி.

அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. எனக்குக் கல்யாணமான புதிதில் நீங்கள் ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில் வைத்த ரேஸ் சைக்கிளில் வருவீர்கள். மேலே பிடிப்பீர்கள், பக்கத்தில் பிடிப்பீர்கள், எதிர்காற்று அடித்தால் குனிந்து கீழே பிடிப்பீர்கள். அந்த மாதிரி ஹேண்டிலை இந்த சைக்கிளில் மாட்ட முடியுமா? குரும்பலூர் கடையில் கேட்டதற்கு, "ஏம்மா, பந்தயத்துக்கா போற?" என்று சிரித்தார்.

வேறு சைக்கிள் வாங்கு என்கிறார்கள். இது உங்கள் அண்ணன் ஓட்டியது. கைப்பிடி ரப்பரில் அவர் கட்டை விரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டினேன். ஹேண்டிலை மாற்றினால் அதுவும் போய்விடும். இருந்தாலும் பெண் பத்தாவது படிக்கிறாள். வேலை போனால் அவளுடைய படிப்பும் நின்றுவிடும்.

இந்தக் கடிதம் ஒன்றே போதும், வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். சைக்கிளை இவ்வளவு அறிந்தவர் எனக்கு வேறு யாரும் இல்லை.

வேம்பு


(தபால் கார்டு)
அரியலூர்
23.1.1998

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. பழைய ரேஸ் ஹேண்டில் ஒன்று என் சைக்கிள் கடையில் கிடக்கிறது. மாட்டலாம். கை மரத்துப்போவதற்கு நல்லதுதான். உங்கள் சைக்கிளில் உள்ள பிரேக் பிடி இதில் ஏறாது. இந்தக் கம்பி தடிமன், வளைவும் அதிகம். வேறு பிரேக் பிடி போட்டு, நீளமான கேபிளும் போட வேண்டும். ஹேண்டிலை சைக்கிளோடு சேர்க்கிற கழுத்து குட்டையும் உண்டு, நெட்டையும் உண்டு. ஆகவே சீட்டு மூக்கிலிருந்து உங்கள் கை எவ்வளவு தூரத்தில் இருந்தால் சுகமாக இருக்கும் என்று அளந்து எழுதவும்.

அன்று பேசியதைப் பற்றி எழுத இதில் இடமில்லை.

அமாவாசை


28.1.1998

தம்பிக்கு,

இதையா கார்டில் எழுதுவது? அந்தக் கார்டு என் பையிலேயே வந்தது. சுமந்து வந்தவள் நான், முதலில் படித்தவர் கண்ணையன் சார். எங்கள் ஊரில் கார்டு வந்தால் அது தினத்தாள் மாதிரி, எல்லோருக்கும் பொது. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஏம்மா வேம்பு, கை மரத்துப்போவுதாமே?" என்று கேட்டார். "தை மாசப் பனிங்க சார், எல்லாருக்கும்தான் மரத்துப்போவுது" என்றேன். கார்டை இன்னொரு தடவை படித்துவிட்டுக் கொடுத்தார்.

வேண்டுமென்று கார்டில் எழுதினீர்களா, யோசிக்காமல் எழுதினீர்களா, எனக்குத் தெரியவில்லை. யோசிக்காமல்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். இனி கவரில் எழுதி ஒட்டி அனுப்புங்கள்.

நீங்கள் கேட்டபடி அளந்துவிட்டேன். பெண்ணை சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சீட்டில் உட்கார்ந்து, முழங்கை கொஞ்சம் மடங்குகிற மாதிரி கையை நீட்டினேன். வலி இல்லாமல் இருக்கிற தூரம் சீட்டு மூக்கிலிருந்து மூன்று சாண். மூன்று தடவை அளந்தேன், ஒரு விரல்கூட மாறவில்லை.

ஹேண்டிலை அனுப்பினால் இங்கே கடையில் மாட்டிக்கொள்கிறேன். நீங்கள் வர வேண்டாம்.

வேம்பு


அரியலூர்
12.2.1998

அண்ணிக்கு,

கார்டில் எழுதியது என் தப்பு. கடையில் கார்டு இருந்தது, அதில் எழுதிவிட்டேன். என் வீட்டுக்காரி காத்தாயிக்கு விஷயம் தெரிந்ததும், "கார்டுல எழுதுற சேதியாய்யா அது? ஒனக்கு சைக்கிளுக்குத்தான் மூள வேல செய்யும்" என்று இரண்டு நாள் பேசவில்லை.

ஹேண்டிலைச் சாக்கில் கட்டி, தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை பத்து மணி வண்டி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளவும். கழுத்து, பிரேக் பிடி, கேபிள் எல்லாம் சேர்த்தே மாட்டியிருக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று சாணுக்கு நெட்டைக் கழுத்துதான் சரியாக வந்தது. இருபத்திரண்டு இஞ்சு ஆண்பிள்ளை சைக்கிளுக்கு நாங்கள் வைக்கிற அளவும் அதுதான். கடைக்காரரிடம் பழைய ஹேண்டிலைக் கழற்றி இதை இறக்கி, மேல் நட்டை முடுக்கி, கேபிள் இரண்டையும் பிரேக்கில் மாட்டச் சொன்னால் போதும்.

கம்பியின் மேல் பழைய ட்யூப்பைக் கீறிச் சுற்றி, அதன்மேல் நாடா சுற்றியிருக்கிறது. உள்ளங்கைக்கு மெத்தென்று இருக்கும். நாடாவைச் சுற்றியது காத்தாயி. வளைவில் கொஞ்சம் சுருக்கம் விழுந்திருக்கிறது, அதைச் சொல்லிவிடாதீர்கள்.

மேட்டில் ஏறும்போது நடுக்கம்பியைப் பிடியுங்கள். சமன் ரோட்டில் பிரேக் பிடியின் மேலே இரண்டு கையையும் கை குலுக்குகிற மாதிரி வையுங்கள். எதிர்காற்றில் மட்டும் கீழே. கால் மணிக்கு ஒரு தடவை இடம் மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் பை இல்லாமல் ஓட்டிப் பழகவும்.

கழற்றிய ஹேண்டிலில் உள்ள ரப்பரைக் கத்தியால் அறுக்க விடாதீர்கள். சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பள்ளம் அப்படியே இருக்கும்.

அமாவாசை


20.2.1998

அமாவாசைக்கு,

நான் விழுந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி இரண்டு நாள் பை இல்லாமல் ஓட்டினேன். கை எட்டவே மாட்டேன் என்றது. குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி இருந்தது. பழகினால் சரியாகும் என்று நினைத்தேன். விரல் மரப்பு குறையவில்லை, முன்னைவிட அதிகமானது. உடம்புப் பாரம் முழுக்க உள்ளங்கையில்தான் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை ஏரிக்கரை இறக்கத்தில் ஆடு குறுக்கே வந்தது. நான் நடுக்கம்பியைப் பிடித்திருந்தேன். பிரேக்குக்குக் கையைக் கொண்டுபோனால், விரல் நுனிதான் படுகிறது, அழுத்த முடியவில்லை. ஆட்டை விட்டு விலகி வேலியில் விழுந்தேன். எழுந்ததும் முதலில் பையைத்தான் தேடினேன். முள்ளுக்குள் கிடந்தது, சீல் உடையவில்லை. அப்புறம்தான் இடது மணிக்கட்டு வீங்கியிருப்பதைப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை. இருபத்தைந்து நாள் கட்டோடு இருக்க வேண்டுமாம்.

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கார்டில் எழுதி என் ரகசியத்தைப் போஸ்ட்மாஸ்டருக்குத் தெரிய வைத்தீர்கள். இப்போது கைக்கு எட்டாத ஹேண்டிலை அனுப்பினீர்கள். ஒன்று நடந்தால் தவறுதல் என்று விட்டுவிடலாம். இரண்டு நடந்தால் நான் என்ன நினைப்பது? நான் விழுந்தால் வேலை யாருக்கு?

லீவு போட்டால் என் பொறுப்பில் ஒரு ஆளை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். இப்போதைக்குக் கண்ணையன் சார் யாரையோ வைத்துச் சமாளிக்கிறார். வியாழக்கிழமைக்குள் ஆளைச் சொல்லு என்கிறார். எனக்கு யாரைத் தெரியும்? உங்கள் அண்ணன் இருந்தால் இந்தப் பாடு உண்டா? அவர் இல்லாமல் போனதற்கு நான் அழுதுகூட முடிக்கவில்லை, அதற்குள் சைக்கிளுக்கும் பைக்கும் அழ வேண்டியிருக்கிறது.

வேம்பு


அரியலூர்
23.2.1998

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சரை அப்படியே விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் மூன்று சாண் என்று எழுதினீர்கள். நான் மூன்று சாண் அளந்துதான் வைத்தேன். ஒரு விரல் கூட்டவில்லை, ஒரு விரல் குறைக்கவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த சைக்கிளைக் கண்ணால் பார்க்காமல் சொல்ல முடியாது.

அந்த வேலை எனக்கு வேண்டும் என்று நினைத்தது உண்மை. அதற்காக அண்ணன் பெண்டாட்டியைக் கீழே தள்ளுகிறவன் நான் இல்லை. இதை நீங்கள் நம்பினால் நம்புங்கள்.

உங்களுக்குப் பதிலாகப் பை தூக்க நான் வருகிறேன். என் சைக்கிளிலேயே வருகிறேன். காத்தாயி கடையைப் பார்த்துக்கொள்வாள், பஞ்சர் ஒட்ட அவளுக்கும் தெரியும். உங்கள் கட்டு அவிழ்க்கிற அன்று கிளம்பிவிடுவேன். நீங்கள் கூப்பிட்டால்தான் வருவேன். வாசலை மிதிக்காதே என்று சொன்னவர் நீங்கள். வா என்றும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அமாவாசை


24.2.1998

வாங்க.

உங்களை நம்பிக் கூப்பிடுகிறேனா, வேறு ஆள் இல்லாமல் கூப்பிடுகிறேனா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். கண்ணையன் சாரிடம் உங்கள் பேரைக் கொடுத்துவிட்டேன். "மனு போட்ட ஆளையேவாம்மா நிறுத்துற?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

வேம்பு


அரியலூர்
16.3.1998

அண்ணிக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை வழியில் பாதி தின்றேன். மீதியைக் காத்தாயி வாங்கிக்கொண்டாள்.

அந்த முதல் நாள் சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "பாருங்க அண்ணி, மூணு சாண், சரியா இருக்கா?" என்று நான் கையை விரித்து விரித்து அளந்து காட்டினேன். நீங்கள் வந்து உங்கள் கையை என் கை மேல் வைத்தீர்கள். உங்கள் சுண்டு விரல் என் மோதிர விரலைக்கூடத் தாண்டவில்லை. மூன்று சாணுக்கு அரைச் சாணுக்கு மேல் வித்தியாசம். இருபது வருஷமாக சைக்கிள் வேலை செய்கிறேன். யாருடைய சாண் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் உங்களுக்குக் கட்டு இல்லை.

இப்போது மாட்டியிருக்கும் குட்டைக் கழுத்து ஒரு லேடீஸ் சைக்கிளிலிருந்து கழற்றியது. அதன் நட்டை மாதம் ஒரு தடவை முடுக்கச் சொல்லுங்கள். மறந்துவிட வேண்டாம்.

நேரில் சொல்ல வாய் வராத இரண்டு விஷயம் உண்டு.

ஜனவரியில் உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே இரண்டாவது மனு ஒன்று எழுதினேன். அண்ணிக்குக் கை சரியில்லை, அவர் கைப்படவே எழுதிய கடிதம் இருக்கிறது என்று எழுதினேன். ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். பெட்டியில் போடவில்லை. போடவும் முடியாமல் கிழிக்கவும் முடியாமல் கடையில் டயருக்கு அடியில் வைத்திருந்தேன். உங்களுக்கு ஹேண்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தபோதும் அது அங்கேதான் இருந்தது.

இரண்டாவது. பை தூக்கிய ஆறாம் நாள் கண்ணையன் சார், "நீயே இருந்துடேன்பா, வேகமாப் போய்ட்டு வர்ற" என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அன்று குரும்பலூரிலிருந்து திரும்பும்போது மக்காச்சோளக் காட்டு ஓரம் ஒரு அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "வேம்பு எங்கய்யா? எம் மவன் சவுதியிலேருந்து எழுதுன கடுதாசி வந்திருக்கான்னு பாக்க, பை பிரிக்கற நேரத்துக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போவும். அது எப்ப வரும்?" என்றார். நான் இன்னும் எட்டு நாளில் வரும் என்றேன். அப்புறம் தினமும் அந்த இடத்தில் நின்று, ஏழு, ஆறு, ஐந்து என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். என்னை யாரும் அப்படி எண்ணப்போவதில்லை.

வந்ததும் டயரைத் தூக்கி அந்த மனுவை எடுத்தேன். காத்தாயி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். "என்னய்யா அது?" என்றாள். "பழைய கடுதாசி" என்று அடுப்புக்குள் போட்டேன். அவளுக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். திட்டி எழுதுவதாக இருந்தால் கவரில் எழுதுங்கள்.

அமாவாசை


9.5.1998

தம்பி அமாவாசைக்கும் காத்தாயிக்கும் வேம்பு எழுதுவது.

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. படித்த அன்று கோபம் இருந்தது. நடவு நட்ட மாதிரி மூன்று நாள் அப்படியே நின்றது. அப்புறம், எழுதி வைத்தும் போடாமல் இருந்த மனுவுக்கு ஒருவரை எவ்வளவு நாள் திட்டுவது என்று விட்டுவிட்டேன். பதிலை இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முந்தாநாள் வந்தார். சைக்கிளைப் பார்த்ததும், "என்னம்மா இது, ஆட்டுக்கெடாவ ஓட்டிக்கிட்டு வர்ற?" என்றார். கண்ணையன் சார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பையைக் கட்டு, முன்னால் போ, நான் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறேன் என்றார்.

சித்திரைக் காற்று, கல்லுக்குழிப் பக்கமிருந்து எதிரே அடித்தது. மேட்டில் நடுக்கம்பியைப் பிடித்தேன், சமனில் மேலே வைத்தேன், காற்றில் குனிந்து கீழே போய்விட்டேன். இரண்டு மாதமாகச் செய்கிறதால் கை தானாகப் போகிறது. ஏரிக்கரை இறக்கத்தில் நிறுத்து என்று கத்தினார். பிரேக் பிடித்த இடத்தில் நின்றேன். குரும்பலூர் வரை என்னோடு வந்தார். முகமெல்லாம் புழுதி, அவருக்கு.

ஆபீசில் உட்கார்ந்து என் காகிதக் கட்டைப் பிரித்தார். "அமாவாசைன்னு ஒருத்தர் மனு போட்டிருக்காரே, பொம்பளையால ஓட்ட முடியாதுன்னு. யாரு அது?"

"எங்க கொழுந்தனாருங்க."

"இந்த ஹேண்டில மாட்டினது?"

"அவருதாங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா குடும்பம் ஒங்க குடும்பம்?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். கையெழுத்துப் போடச் சொன்னார். ஐந்து விரலும் பேனாவைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது தம்பி. சுண்டு விரலுக்குக் கீழே காகிதம் சில்லென்று இருந்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கும்.

நல்லபடியாக எழுதிவிட்டதாகச் சொன்னார். உத்தரவு ஒரு மாதத்தில் வருமாம். என் பையில்தான் வரும்.

திரும்பும்போது தனியாக வந்தேன். வெயில் ஏறிவிட்டது, ரோட்டில் யாரும் இல்லை. பாதி வழியில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று பார்த்தால் நான்தான் பாடிக்கொண்டு வருகிறேன். களை எடுக்கும்போது பாடுகிற பாட்டு. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். உங்கள் அண்ணன் போய் வருஷம்கூடத் திரும்பவில்லை, யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள்? சைக்கிளை விட்டு இறங்கி, புளியமரத்து நிழலில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். நன்றாக அழுதேன்.

அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். நம் ஊர் எல்லை வருவதற்குள் மறுபடியும் பாடிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நிறுத்தவில்லை.

வேம்பு